ஜெபல் அலிக்கு உயிர் வந்த வெள்ளிக்கிழமை

அப்பத் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி அந்த ஐரிஷ் சிஸ்டர் தன் நாட்டின் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்தின் பருவத்தை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. தோன்றியது என்று அடக்கமாகச் சொல்கிறேன். உண்மையில் வாயில் அப்பத்தோடு எழுந்து நின்று, "அப்பா, நம்ம கபடிக்கும் இப்படிப் போடலாம்!" என்று கத்தினேன். தேங்காய்ப்பால் புது கவுனில் வழிந்தது. அம்மா முதுகில் ஒன்று வைத்தார்.

ஷார்ஜாவில், ரோலா பக்கத்து ஃப்ளாட் ஒன்றின் கூடம் அது. என்னோடு அங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூடத்தைச் சொல்லவே வேண்டாம். ஜன்னலில் உறுமும் ஏசி, அதன் கீழே தண்ணீர் சொட்டும் டால்டா டப்பா, தரையில் ரோஜாப்பூ அச்சடித்த பிளாஸ்டிக் சுப்ரா. சாப்பிடும்போது தரையில் விரிப்போமே, கீழ்க்கடையில் சுருளாக வாங்கி வந்து வெட்டிக்கொள்வோமே, அதேதான். போன தடவை போனபோது தேடினேன். கடைக்காரருக்கே மறந்துவிட்டது.

அம்மா நர்ஸ். அந்த சிஸ்டர் அம்மாவோடு அதே வார்டில் வேலை பார்த்தவர். செம்பட்டை முடி, வெயிலில் ரத்தமாகச் சிவந்துபோகும் மூக்கு. வாரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு அப்பம் தின்ன வருவார். வரும்போது ஒரு மட்டையும் வரும். ஹாக்கி மட்டை மாதிரி, ஆனால் நுனி அகலம். அதன்மேல் சின்னத் தோல்பந்தை வைத்துக்கொண்டு, கீழே விடாமல், எங்கள் மாடி வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவார். பக்கத்து வீட்டு மலையாளிப் பாட்டி கதவைச் சாத்திக்கொள்வார்.

"எங்கள் நாட்டில் ஒவ்வொரு பங்குக்கோயிலுக்கும் ஒரு கிளப் உண்டு" என்று ஆரம்பித்தார். ஆங்கிலத்தில்தான். 'பங்கு' என்று எனக்குத் தமிழாக்கியது அம்மா. ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த ஊர்தான் பங்கு, குமரிக் கடற்கரைக்காரரான அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. பங்குகளின் கிளப்புகள் மோதுவது மாவட்டத்துக்குள். அதில் தேறுபவர்களை எடுத்து மாவட்ட அணி. மாவட்டங்கள் மோதுவது மாகாணத்துக்குள். மாகாணத்தில் ஜெயித்தவர்கள் நாடு முழுக்க நடக்கும் கடைசிச் சுற்றுகளுக்குப் போவார்கள். கோடை முழுக்க இதே பேச்சு. செப்டம்பரில் தலைநகரில் இறுதி ஆட்டம். சட்னிக் கிண்ணம் மாகாணம், தட்டு மாவட்டம், கறிவேப்பிலை கிளப்.

"எவ்வளவு சம்பளம் குடுப்பாவ?" என்றார் அம்மா.

"ஒன்றுமில்லை. ஜெயித்தவன் திங்கட்கிழமை டீச்சராகவோ எலக்ட்ரீஷியனாகவோ வேலைக்குப் போவான்."

"பைசா கெடையாதா? பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

சிஸ்டருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஊருக்காக" என்றார்.

பிறகு தோற்ற தட்டு ஒன்றை எடுத்தார். எடுத்து வைத்துவிடுவார் என்று பார்த்தால், சமையலறைக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி சுப்ராவில் வைத்தார். "ஒருதரம் தோற்றால் முடிந்துவிடாது. இப்போதெல்லாம் இன்னொரு வழி இருக்கிறது. பேக் டோர் என்போம்." அந்தத் தட்டைப் பார்த்துத்தான் நான் எழுந்து நின்றேன்.

ஏன் என்று சொல்லவேண்டும். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். வெள்ளிக்கிழமைகளில் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் இருந்த காலி மணலில் கபடி நடத்துவார். ஜும்மா முடிந்து, பிரியாணி முடிந்து, ஆட்கள் வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருக்கும். டேங்கர் டிரைவர் ஒருவர் மீந்த தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுப் போவார். நனைந்த மணலும் டீசலும் கலந்து ஒரு வாசம் வரும், எனக்கு இன்றைக்கும் விடுமுறை என்றால் அந்த வாசம்தான். கோடு போடச் சிமென்ட். எல்லைக்கு சைட்டிலிருந்து வந்த ஆரஞ்சு நாடா. எல்லாம் உண்டு, ஆனால் முறை மட்டும் கிடையாது. வந்தவர்கள் ஆடுவார்கள், ஜெயித்தவர்கள் நாங்கள்தான் சாம்பியன் என்பார்கள், அடுத்த வாரம் வேறு யாரோ சாம்பியன். "நீங்க எப்படா சாம்பியன்? நாங்க டூட்டியில இருந்தப்பவா?" என்று தொடங்கும் சண்டை பஸ் கிளம்பும்வரை ஓயாது.

அப்பாவுக்கு என் கத்தல் பிடித்துப்போனது. சிஸ்டரும் அப்பாவும் நானும் உட்கார்ந்து அந்தக் குளிர்காலத்துக்கு அட்டவணை போட்டோம். சிஸ்டர், மாவட்டவாரியாக அணி பிரிக்கச் சொன்னார். ராமநாதபுரம், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று. அப்பா தலையை ஆட்டினார். "வேண்டாம் சிஸ்டர். ஊர்ப்பேரு வந்தா அதுக்குப் பொறத்தாலயே வேற பேரும் வரும். கேம்ப் போதும். கேம்ப்ல எல்லாரும் ஒரே பஸ்ஸு, ஒரே கக்கூஸு." சிஸ்டருக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்காது. எனக்கும் அப்போது தெரியாது. இன்று நினைக்கும்போது அப்பா எடுத்த முடிவுகளிலேயே கெட்டிக்காரத்தனமானது அதுதான் என்று தோன்றுகிறது.

அல் கூஸ், சோனாப்பூர், சஜா, ஜெபல் அலி, இன்னும் நான்கைந்து என்று கேம்ப்புகள் அணிகளாயின. ஜெபல் அலிதான் தொலைவு. அந்த அணியின் கேப்டன் சாரம் கட்டுகிறவர், ராமநாதபுரத்துப் பக்கம். நெடுநெடுவென்று ஒல்லியாக, எந்நேரமும் எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் கேப்டன் மாமா என்பேன். மற்றவர்கள் பாடிப் போகும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் மூக்குக்குள்ளேயே முனகிக்கொண்டு போவார், எதிராளிக்கு ஏதோ ரகசியம் சொல்லப்போகிறவர் மாதிரி. ரகசியத்தைக் கேட்கக் குனிந்தவன் அவுட்.

அவருக்கு அது கடைசிப் பருவம். 'கேன்சலில் போகிறார்' என்று பேசிக்கொண்டார்கள். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதற்கு அங்கே அதுதான் சொல். "வெயில் வர்றதுக்குள்ள கெளம்பணும் தாயி. அதுக்கு முன்னாடி ஒரு தடவ, முறையா வச்ச போட்டியில, எங்க பயலுகளோட நின்னு ஆடிப்புட்டுப் போயிருவேன்" என்று என்னிடமே சொன்னார். அட்டவணை போட்டவள் என்கிற மரியாதை.

முதல் வெள்ளிக்கிழமையே கவிழ்ந்தது. ஜெபல் அலி சைட்டில் ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. அணியில் பாதிப்பேர் அங்கேயே மாட்டிக்கொள்ள, கேப்டன் மாமா கேம்ப் சமையல்காரரையும் கையில் கிடைத்த இரண்டொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சமையல்காரர் வாழ்க்கையில் கபடி ஆடியதில்லை. கோட்டைத் தொட்டதும் "கபடி" என்பதை மறந்து, அரபியில் ஆளை விரட்டும் "யல்லா யல்லா"வைப் பாடினார். சோனாப்பூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே ஜெயித்தார்கள்.

அப்பா கைமைக்கை எடுத்தார். தீப்பயிற்சிக்கு வைத்திருந்தது, என்ன பேசினாலும் ஆபத்து என்பதுபோலவே ஒலிக்கும். "ஜெபல் அலிக்காரங்க வருத்தப்படாண்டாம். தோத்தவங்களுக்கும் வழி உண்டு. கொல்லைப்புற வாசல் தொறந்து கெடக்கு. அதுவழியா வரலாம்!"

அவ்வளவுதான். சோனாப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "டேய், கல்லிவல்லி டீம்டா!" பெரிய சிரிப்பு. கம்பெனியை விட்டு ஓடிப்போய், விசா இல்லாமல் ஒளிந்து வேலை செய்பவர்களைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்.

கேப்டன் மாமா அப்பாவிடம் வந்தார். கத்தவில்லை. பாடுகிற குரலிலேயே சொன்னார்.

"தோத்தோம் சார். ஒத்துக்கிறேன். ஆனா கொல்லப்பக்கமா நொழையிற ஆளுக நாங்க இல்ல."

"அட, அது அயர்லாந்துல உள்ள முறையாக்கும் கேப்டன்!"

"அயர்லாந்துக்காரவுக எப்படியும் நொழைஞ்சுக்கிறட்டும். ஏலே, பஸ்ல ஏறுங்கடா. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

பஸ் போய்விட்டது. அப்பா வீடு வரும்வரை ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே வந்தார். "திமிரு. கேன்சல்ல போறவனுக்கு ஒரு ஆட்டம் கெடைக்கட்டும்னு நெனச்சா, மூஞ்சியத் திருப்பிட்டுப் போறான்."

விஷயத்தைக் கேட்ட அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா? கொல்லைக்கு மனுசன் எதுக்குப் போவான்?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மறுபடி முதுகில் ஒன்று.

சிஸ்டரிடம் சொன்னபோது அவரும் முதலில் சிரித்தார். பிறகு, "எங்கள் ஊரிலும் பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். தோற்றவன் தோற்றவன்தான், பின்கதவு என்ன மானங்கெட்ட கதவு என்பார்கள்" என்றார். இவ்வளவு தூரம் தள்ளி ஒரு நாட்டில், வேறு ஒரு விளையாட்டில், அதே ரோஷம்! எனக்கு அந்த இரண்டு ஊர் ஆட்களையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அது வெறும் ரோஷம் இல்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னார். கேப்டன் மாமா முதலில் வந்த கம்பெனி மூடிப்போய், பாஸ்போர்ட் கைக்கு வராமல், பல காலம் கல்லிவல்லியாகவே திரிந்திருக்கிறார். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு முன்வாசல் வழியாக வர முடியாது. மருந்து வாங்க யாரையாவது அம்மாவிடம் அனுப்புவார். ஒரு பொதுமன்னிப்பில்தான் நேர்வழிக்கு வந்து, புது விசா அடித்து, ஜெபல் அலியில் சேர்ந்தார். சோனாப்பூர்க்காரன் விளையாட்டுக்குக் கத்திய சொல் அவருக்கு விளையாட்டில்லை. அப்பா பார்த்தது திமிர். அங்கே இருந்தது, கடைசித் தடவையாவது நேர் வாசல் வழியாக வெளியே போகவேண்டும் என்கிற ஆசை.

அம்மா கேட்டது உறைத்திருக்கவேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா ஜெபல் அலிக்குக் கிளம்பினார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். அட்டவணையில் ஜெபல் அலியின் கட்டம் காலியாகக் கிடந்தது, அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கேம்ப் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். கருவாடு பொரிக்கும் வாசம் வழியெல்லாம். கேப்டன் மாமா கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேல்கட்டில் கம்பியில் அணியின் மஞ்சள் பனியன்கள் துவைத்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

"ஒங்க எடம் காலியா இருக்கு கேப்டன்" என்றார் அப்பா.

"வேற ஆளப் போட்டுக்கங்க சார்."

"வேற ஆளு போட முடியாது. முறைன்னா முறை."

"என்ன சார் பெரிய முறை? கபடியில அவுட்டானவன் செத்தவன். செத்தவன எழுப்பிவிட்டு, பின்னாடியா வாடான்னா யாரு வருவா?"

என் வாய் சும்மா இருக்காது. "செத்தா உயிர் வரும்ல மாமா?"

"வரும். நம்ம பய ஒருத்தன் எதிராளிய அவுட்டாக்குனா எனக்கு உயிரு வரும்."

"உயிர் வந்தா எந்தப் பக்கமா உள்ள வருவீங்க?"

"பின்கோட்டத் தாண்டி..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். அவுட்டானவர்கள் உட்காரும் இடம் பின்கோட்டுக்குப் பின்னால்தான். உயிர் வந்தவன் அதைத் தாண்டித்தான் களத்துக்குள் வரவேண்டும். அதுதான் சட்டம்.

மேல்கட்டிலில் படுத்திருந்த சமையல்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இத்தன வருசமா நீங்க கொல்லப்பக்கமாத்தான் வந்துக்கிட்டிருக்கீக!"

அறையே சிரித்தது. வராந்தாவில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னவென்று தெரியாமல் சேர்ந்துகொண்டார்கள். கேப்டன் மாமா மட்டும் என்னையே பார்த்தார். பிறகு அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"பேர மாத்துங்க சார். உயிர் ஆட்டம்னு போடுங்க. வாறோம்."

அப்பா அன்றைக்கே கைமைக்கில் அதைச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன சக்தி என்று எனக்கு இப்போதும் வியப்புத்தான். 'தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு' என்றால் பிச்சை மாதிரி இருக்கும். 'உயிர் ஆட்டம்' என்றதும், தோற்ற அணிகளெல்லாம் எங்களுக்கும் எப்போது, எங்களுக்கும் எப்போது என்று வந்து நின்றன. சிஸ்டரின் நாட்டுக்காரர்கள் பல வருடம் யோசித்துக் கட்டிய கதவு, சரியான பெயர் கிடைத்ததும் மணலில் தானாகவே நின்றுகொண்டது.

ஜெபல் அலியின் உயிர் ஆட்டம் சஜாவோடு. இந்தத் தடவை கான்கிரீட் இல்லை, முழு அணியும் வந்திருந்தது. சிஸ்டர் மட்டையோடு எல்லை நாடாவுக்கு அருகில் நின்றார். ஆரஞ்சு டாங் ஜூஸ் கலந்த கூலரைச் சுற்றி ஈயாக மொய்த்தவர்கள்கூட விசில் ஊதியதும் திரும்பிவிட்டார்கள்.

கேப்டன் மாமா முதல்தரம் பாடிப் போனபோதே பிடிபட்டார். கணுக்காலில் ஒருவன், இடுப்பில் ஒருவன். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பின்கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் நகத்தைக் கடித்துத் துப்பினேன். இதற்காகவா? கடைசி ஆட்டம், அதில் உட்கார்ந்தே முடியப்போகிறதா? அவருடைய பையன்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூக்குக்குள் முனகிக்கொண்டே இருந்தார். தனக்குத்தானே பாடுகிறாரோ, அவர்களுக்காகப் பாடுகிறாரோ.

கடைசியில் கம்பி வளைக்கும் வேலை பார்க்கும் குட்டையான ஒருவர், சஜாவின் மூலைக்காரனை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கோட்டில் விழுந்தார். அப்பா விரலை உயர்த்தினார். உயிர்! கேப்டன் மாமா எழுந்து பின்கோட்டைத் தாண்டினார். சோனாப்பூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், விடுவார்களா? "கொல்லப்பக்கமா வர்றாரு டோய்!" அவர் திரும்பி, அவர்களைப் பார்த்து நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போட்டார். சிரித்த அதே வாய்கள் அப்போது போட்ட சத்தம் இருக்கிறதே! சிஸ்டர் குதித்துக்கொண்டு, "வூயிர்! வூயிர்!" என்று கத்தினார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். அப்பம் என்பது அவருக்கு ஆங்கிலம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கேப்டன் மாமா ஆடியதைப் பற்றி எழுத எனக்குக் கை போதாது. முனகிக்கொண்டே போவார், ஒருவனைப் பார்த்துக்கொண்டே இன்னொருவனைத் தொடுவார், திரும்பும்போது நடந்துதான் வருவார். ஓட்டமே கிடையாது. சாரத்தில் நடந்து பழகிய கால், விழமாட்டேன் என்று அதற்குத் தெரியும். ஜெபல் அலி ஜெயித்தது. பையன்கள் அவரைத் தூக்கியபோது, "எறக்குங்கடா, ஒசரத்துல நின்னு நின்னு அலுத்துப்போச்சு" என்றார்.

அரையிறுதியில் சோனாப்பூரிடம் தோற்றார்கள். அரைக் காலடியில் போன ஆட்டம், வருத்தமே இல்லாத தோல்வி. அந்தப் பருவம் ஒழுங்காக முடிந்தது, சோனாப்பூர் சாம்பியன், யாரும் சண்டை போடவில்லை. எப்போது ஜெயித்தாய் என்று யாரும் கேட்க முடியாதே! கேப்டன் மாமா வெயிலுக்கு முன்னால் கிளம்பிப் போனார், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, பகலில், கம்பெனி வண்டியில்.

முடிந்தது என்று நினைத்தேன். கோடைவிடுமுறை முடிந்து ஸ்கூல் திறந்த சமயம், வீட்டு போன் அடித்தது.

"தாயி, நல்லாருக்கியா? ஃபர்வானியாவுலேர்ந்து பேசுறேன்."

"குவைத்தா? நீங்க கேன்சல்ல போனீங்கல்ல மாமா?"

"அது துபாய் கேன்சலு. இங்க மச்சான் விசா எடுத்துட்டான். ஊருல சும்மா ஒக்கார முடியல, நமக்குத்தான் உயிரு வந்துருச்சே. இந்தா கேளு, இங்க ஏழு பேரு தேறிட்டாய்ங்க, கத்தார்லயும் நம்ம பயலுக ஆடுறாய்ங்க. எந்த வெள்ளிக்கிழமைன்னு மட்டும் சொல்லு."

எனக்குச் சட்னிக் கிண்ணங்கள் கண்முன் வந்து நின்றன. எமிரேட்ஸ் ஒரு மாகாணம், குவைத் ஒரு மாகாணம், கத்தார் ஒரு மாகாணம்! அப்பாவிடம் ஓடினேன். அப்பா ஒரே ஒரு சொல் சொன்னார். "விசா?"

அவர்கள் இங்கே வர முடியாது. நாங்கள் அங்கே போக முடியாது. நான் விடவில்லை. எல்லாரும் விசா இல்லாமல் போகக்கூடிய ஓர் இடம் இருக்கிறதே, இறுதி ஆட்டத்தை ஊரில் வைப்போம், லீவில் போகும்போது என்றேன். அப்பா சிரித்தார். "மூணு நாட்டுல இருக்கவன் எல்லாம் ஒரே வாரத்துல லீவ் வாங்க முடிஞ்சா, நான் எதுக்கு மக்களே சேஃப்டியில கெடக்கேன்? கல்ஃபையே நடத்தமாட்டேனா?"

அதோடு அது நின்றது. ஒவ்வொரு நாட்டிலும் வெள்ளிக்கிழமைகள் நடந்தன, சாம்பியன்கள் வந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஊரில் வைக்க நினைத்த அந்த இறுதி ஆட்டத்தைத்தான் இப்போது வைக்கப்போகிறேன். அன்று மூன்று நாட்டு லீவைச் சேர்க்க முடியவில்லை, ஏனென்றால் லீவ் கொடுப்பவர்கள் யாரையும் நமக்குத் தெரியாது. இன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போடுகிற இடங்களில், என்னோடு அங்கே வளர்ந்த நீங்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேப்டன் மாமா இப்போது ராமநாதபுரத்தில்தான் இருக்கிறார், மைதானத்துக்குச் செம்மண் அடித்துவிட்டார். வரும் பொங்கலை ஒட்டி வைக்கலாம் என்று பேச்சு. தோற்கும் முதல் அணிக்கு உயிர் ஆட்டம் உண்டு. கத்தாரில், நஜ்மாவில் இருப்பவர்களை முதலில் கேட்கிறேன்: உங்கள் ஆட்களுக்கு அந்த வாரம் லீவ் போடுவீர்களா, மாட்டீர்களா?